வாசம்

போறணைக் கதவை மூடி ஆறேழு நிமிடம்வரை ஒன்றும் தெரிவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சள் விளக்கின் கீழ், வைத்தது வைத்தபடி பன்னிரண்டு மா உருண்டைகள் தட்டில் இருக்கும். பிறகு ஓரங்கள் இளகும், சீனி உருகும், வெண்ணெய் மணம் முதலில் எழும்பும். அதற்குப் பின்னால் கறுவா. அது வந்துவிட்டால் மற்றவையெல்லாம் ஒதுங்கி வழிவிட்டுவிடும். குசினியைத் தாண்டி, சப்பாத்துக் கழற்றி வைக்கும் வாசலைத் தாண்டி, மாடிப்படி ஏறி அது மகளின் அறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். மேலிருந்து குரல் வரும்: "அம்மா, ஃபோல் மணக்குது!" ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை. வெளியே மேப்பிள் இலைகள் சிவந்து இரண்டு கிழமை ஆகியிருந்தாலும் இந்த மணம் வந்தால்தான் அவளுக்கு இலையுதிர்காலம் வந்ததாகக் கணக்கு. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். அதைக் கேட்பதற்காகவே ஒவ்வொரு ஒக்டோபரும் மா குழைக்கிறேன். ஆனால் கேட்கும் அந்தக் கணத்தில், வருடம் தவறாமல், நெஞ்சுக்குள் ஒரு சிராய் குத்துகிறது. பிடுங்கிப் பார்க்க நினைத்து நினைத்தே பல வருடங்களைக் கடத்திவிட்டேன்.

அப்பிளை மாவுக்குள் போடுவது நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை. அதன் நிறையில் 100க்கு 85 பங்கு தண்ணீர். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் சூட்டில் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியேறி, விசுக்கோத்தாக வரவேண்டியது கேக்காகிவிடும். துருவி, கொஞ்சம் சீனி தூவிப் பத்து நிமிடம் வைத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிழியப் பிழியத் துணி மண்ணிறமாகும். கைரேகைக்குள்ளும் அந்த நிறம் ஏறிவிடும். அந்தச் சாற்றை ஒரு கிளாசில் ஊற்றி அம்மாவுக்குக் கொடுப்பேன். பழத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இங்கே எல்லோருக்கும் பிடித்த மெக்கின்டோஷ், 1811இல் ஒன்ராறியோவின் கிழக்கே டன்டெலாவில் ஜோன் மெக்கின்டோஷ் என்ற விவசாயி பற்றை வெட்டும்போது கண்ட கன்றுகளிலிருந்து வந்த வகை. பச்சையாகக் கடித்துத் தின்ன அதைப்போல் வேறில்லை. நெருப்பைக் கண்டதும் கூழாகிவிடும். ஒக்டோபர் கடைசியில் பழுக்கும் நோர்தேர்ன் ஸ்பை சூட்டுக்குத் தாங்கும், புளிப்பும் போகாது. அதற்காகவே போமன்வில் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு முக்கால் மணிநேரம் ஓடிப் போகிறோம். மிச்சமெல்லாம் அலுமாரியில் இருப்பவை: இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா, மண்ணிறச் சீனி, வெண்ணெய், ஒரு முட்டை. இரண்டு தேக்கரண்டி கறுவாத் தூள், அரைக்கரண்டி இஞ்சித் தூள், காலே கால் கரண்டி சாதிக்காய். கராம்பு ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. கூடினால் நாக்கு மரத்துப் பல்வைத்தியரின் கதிரை ஞாபகம் வந்துவிடும். 350 பாகை பரனைற்றில் 13 நிமிடம்.

இதை நான் யாரிடமும் ஆசையாகக் கேட்டுப் படிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் நாங்கள் இருந்த தொடர்மாடி வீட்டை விற்க வெளிக்கிட்டபோது, விற்றுத் தர வந்தவர் எங்கள் ஆள்தான், ஊர்க்காரர். அறைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து, குசினியில் வந்து நின்று, கொஞ்சநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அக்கா, சொல்லக் கூச்சமாத்தான் கிடக்கு. வித்து முடியுமட்டும் வீட்டில கறி காய்ச்சாதேங்கோ. ஆக்கள் பாக்க வரமுன்னம் ஒரு சட்டியில தண்ணி வைச்சு, அப்பிள் தோலும் ரெண்டு கறுவாத் துண்டும் போட்டுக் கொதிக்க விடுங்கோ. இல்லாட்டி ஒரு தட்டு குக்கி போடுங்கோ. வீடு வீடு மாதிரி மணக்கும்." அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. தன் வீட்டையும் அப்படித்தான் விற்றிருப்பார். அந்தக் கூச்சம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. அம்மா மேசையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல் கேட்டா: "கறுவா மணக்கலாம். கறி மணக்கக் கூடாது. அப்பிடியோ தம்பி?" ஒருவரும் பதில் சொல்லவில்லை. அம்மா உருவி முடித்த இலையை ஒரு பையில் போட்டுக் கட்டினா. அன்றைக்கு அதை வறுக்கவில்லை.

மூன்று கிழமை. திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தோம். கறித்தூள் போத்தல், கருவாட்டுப் பேணி, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கித் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பாணும் சூப்பும் முட்டையும் சாப்பிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டா. இரண்டாம் கிழமை இரவில் குசினி விளக்கைப் போட்டு வெறும் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். சனி ஞாயிறுகளில் ஆட்கள் வருவதற்கு ஒரு மணிநேரத்துக்கு முன் நான் குக்கி போட்டேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் குக்கி அதுதான். மூன்றாம் ஞாயிறு ஓர் இளம் சோடி வந்தது. அந்தப் பெண் குசினி வாசலில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமை கையெழுத்தாகிவிட்டது. நான் அவளை ஏமாற்றினேன் என்று சொல்ல முடியாது. வெண்ணெய் நல்ல வெண்ணெய்தான், அப்பிள் நல்ல அப்பிள்தான், தட்டில் இருந்து எடுத்துச் சாப்பிடவும் கொடுத்தேன். ஆனால் அவள் மூச்சிழுத்தபோது உள்ளே போன அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் இருந்ததில்லை. பதினொரு வருடம் அங்கே இருந்தவர்கள் நாங்கள். எங்கள் மணம் ஒரு காட்போட் பெட்டிக்குள் தங்கச்சி வீட்டு நிலவறையில் இருந்தது. அதே கை, அதே அளவு, அதே 13 நிமிடம்தான் இன்றைக்கும். அதைத்தான் மகள் பருவத்தின் மணம் என்கிறாள். வீட்டின் மணம் என்றும் சில வேளை சொல்கிறாள். சிராய் அங்கேதான் இருக்கிறது.

நேர்மையாக யோசித்தால் வீடு விற்றுத் தந்தவர் சொன்னதில் உண்மையும் உண்டு. தாளிக்கும்போது எண்ணெய் நுண்துளிகளாகப் பறந்து துணியிலும் சுவரிலும் படியும். வெங்காயமும் சீரகமும் அதைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நிற்கும். குக்கி மணம் அடுத்த நாள் காலை இருக்காது. நின்று நிலைக்கும் மணத்துக்குப் பயப்படுகிறவர்கள், போய்விடும் மணத்தை விரும்புவது புரிகிறது. என்றாலும் அம்மாவின் கேள்வி அப்படியே கிடக்கிறது. எங்கள் ஆட்டிறைச்சிக் கறிக்குள் போகும் வாசனைச் சரக்கு என்ன? கறுவா, கராம்பு, ஏலக்காய், விருப்பமானவர்கள் வீட்டில் கொஞ்சம் சாதிக்காய். ஏலக்காயை எடுத்துவிட்டு இஞ்சியைச் சேர்த்தால் குக்கிக்குள் போவது. ஒரே பட்டை. சீனியோடும் பழத்தோடும் சேர்ந்தால் வா என்று கூப்பிடுகிறது; மிளகாயோடும் இறைச்சியோடும் சேர்ந்தால் யன்னலைத் திற என்கிறார்கள். மணத்தில் தவறில்லை, அது யாரோடு வந்து வாசலில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. மணத்தைப் பற்றி மட்டுமா சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கறுவாவை "எங்கள் கறுவா" என்று சொல்லவும் எனக்குத் தயக்கம். யாழ்ப்பாணத்து வறண்ட மண்ணில் அது வளராது. தெற்கே காலி, மாத்தறைப் பக்கத்து ஈர நிலத்தில் வளர்வது. மரத்தை உயர விடாமல் தறித்து, அடியிலிருந்து கிளம்பும் தடிகளை இரண்டு வருடத்தில் வெட்டி, மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் அழுத்தித் தேய்த்து, உள்பட்டையைக் கீறிக் கழற்றுவார்கள். கடதாசி மாதிரி மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நிழலில் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சலாகம என்ற சாதியார் இந்த வேலையில் கட்டாயமாகப் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவைக் கள்ளமாக உரித்தாலும் விற்றாலும் மரணதண்டனை வரை போனது. அந்த ஒல்லாந்தர்தான் 1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தவர்கள். 1667இல் பிரெடாவில் அவர்கள் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையில், சாதிக்காய் விளையும் ரன் என்ற குட்டித்தீவு ஒல்லாந்தருக்கும், மன்ஹாட்டன் தீவு ஆங்கிலேயருக்கும் என்று முடிந்தது. ஒரு தீவின் மரமும் ஒரு தீவின் நகரமும் ஒரே கடதாசியில். மன்ஹாட்டனில் ஒல்லாந்தர் விட்டுவிட்டுப் போன சொற்களில் ஒன்று "கூக்ய", சின்னக் கேக். ஆங்கில வாயில் அது குக்கி ஆனது. அதே சொல் இலங்கையிலும் தங்கிவிட்டது. சித்திரை வருடப்பிறப்புக்குச் சிங்களவர் வீடுகளில் இரும்பு அச்சை அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பூப்போன்ற பலகாரத்துக்குப் பேர் கொக்கிஸ். கொழும்பில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒவ்வொரு சித்திரைக்கும் எங்களுக்கு ஒரு தட்டு அனுப்புவா. குக்கியும் கொக்கிஸும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் குசினி என்கிறேன், போறணை என்கிறேன், பாண், விசுக்கோத்து, அலுமாரி, கதிரை என்கிறேன். எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுவிட்டுப் போனவை. சமைக்கும் இடத்துக்கே என் வாயில் வேறு சொல் இல்லை. பிறகு எந்த மணத்தைக் காட்டி இது என்னுடையது, அது அவர்களுடையது என்று நான் கோடு கிழிப்பது?

வாசம் என்ற சொல் எனக்கு எப்போதும் ஆச்சரியம். மணத்துக்கும் அதுதான் சொல், குடியிருப்பதற்கும் அதுதான் சொல். பூவாசம், வனவாசம். வடமொழியில் இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை என்பார்கள். தமிழில் காதுக்கு ஒன்றாகவே கேட்கிறது, எனக்கு அது போதும். ஆனால் வாசம் செய்பவருக்கு வாசம் தெரியாது என்பதுதான் வேடிக்கையற்ற உண்மை. மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். நாள்முழுக்க இருக்கும் மணத்தை மூளை அறிவிப்பதை நிறுத்திவிடும். தன் வீட்டின் மணம் என்னவென்று அறிய ஒருவர் ஒரு மாதம் வேறெங்காவது போய்த் திரும்பிவந்து கதவைத் திறக்க வேண்டும். அதுவும் அந்த முதல் இரண்டு மூச்சுக்குத்தான். அப்படிப் பார்த்தால் வீட்டு மணம் என்பது உள்ளே இருப்பவர்களுக்கானதே இல்லை. வருகிறவர்களுக்கானது: விருந்தாளிக்கு, பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்கு, வீடு வாங்க வந்து கண்ணை மூடி நிற்கும் பெண்ணுக்கு. இந்த யோசனை எனக்குக் கொஞ்சநாள் ஆறுதலாக இருந்தது. பிறகு அம்மா இரவில் வெறும் அடுப்பைத் துடைத்தது ஞாபகம் வந்தது. தெரியாமல் சுவாசித்துக்கொண்டிருந்தது இல்லாமல் போனதை அவவின் மூக்கு அறிந்திருந்தது. இருப்பது தெரியாது, இல்லாதது தெரியும்.

பருவத்துக்கென்று மணம் எங்களுக்கும் இருந்தது. ஆவணியில் பனங்காய் விழும். இரவில் தொப்பென்று ஒரு சத்தம். விடியமுன் யார் முதலில் எழும்பிப் பனையடிக்கு ஓடுவது என்று எங்களுக்குள் போட்டி. சுட்டுத் தோலுரித்து, தும்புக்குள் இருந்து களியைப் பிழிந்தெடுத்து, சீனி போட்டுக் காய்ச்சி, மாவோடு குழைத்து, சின்னச் சின்னதாகக் கிள்ளி எண்ணெயில் போட்டால் பனங்காய்ப் பணியாரம். கையில் ஏறிய மஞ்சளும் மணமும் எத்தனை சவர்க்காரம் போட்டாலும் இரண்டு நாள் போகாது. பழம், மா, சீனி, நெருப்பு: நான் இன்றைக்குச் செய்வதும் இதையேதான். ஆனால் அந்த மணத்தை நாங்கள் பருவம் என்று சொன்னதில்லை. பருவம் அதுவாகவே இருந்தது. பனங்காய் விழாவிட்டால் பணியாரம் இல்லை. இங்கே அப்பிள் ஒட்சிசனைக் குறைத்த குளிரறைகளில் மாதக்கணக்காகத் தூங்குகிறது. ஒக்டோபரில் பறித்ததை அடுத்த ஆடியில் மொறுமொறுவென்று வாங்கலாம். கறுவாவுக்கும் சாதிக்காய்க்கும் இலையுதிர்காலம் என்றால் என்னவென்றே தெரியாது, அவை பூமத்திய ரேகைக்குப் பக்கத்து மரங்கள். வெளியே உண்மையான இலையுதிர்காலத்தின் மணம் வேறு: ஈர இலை மக்கும் மணம், குளிர்ந்த மண், எங்கோ விறகு எரியும் புகை. கதவைத் திறந்தால் அது இருக்கிறது. மகள் அதை மணக்கிறாளா என்று ஒருநாள் கேட்டேன். "அது மழை மணம்" என்றாள். அவள் சொன்னது பிழை என்று எனக்குச் சொல்ல வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் ஊரில் எழும் புழுதி மணத்துக்கு நான் வைத்திருந்த பெயரும் அதுதான்.

போன மாதம் ஊரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் அம்மாவுக்கு ஒரு கட்டுக் கறுவா கொண்டுவந்து தந்தாள். சுருட்டு மாதிரி இறுகச் சுற்றியது, விரலால் அமத்தினால் நொறுங்குவது. நான் இவ்வளவு வருடம் பாவித்த பேணியை அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். இந்தோனேசியா என்று போட்டிருந்தது. வட அமெரிக்காவில் கறுவா என்று விற்பதில் பெரும்பங்கு கசியா, கறுவாவின் ஒன்றுவிட்ட சகோதரம். தடித்த பட்டை, காரமான மணம். அதில் கூமரின் என்ற ஒரு பொருள் கூட, அளவு மிஞ்சினால் ஈரலுக்குக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் மற்ற இனிப்பு வெதுப்புப் பண்டங்களில் அதைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று நிறுத்திவிட்டு, கறுவா சேர்த்த பாரம்பரிய, பருவகாலப் பண்டங்களுக்கு மட்டும் 50 வரை விடுகிறது. ஒரு பருவம் தன் மணத்தோடு வரட்டும் என்று சட்டம் எழுதுகிறவர்களும் மனமிரங்கியிருக்கிறார்கள் என்று வாசித்தபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது. பேணியில் இருந்தது கசியா என்றால், அந்தத் தொடர்மாடியில் அந்தப் பெண் கண்ணை மூடி மணந்ததும் கறுவா இல்லை.

இந்த ஞாயிறு அம்மா ஒரு பக்கம் ஆட்டிறைச்சி காய்ச்சினா. நான் மா குழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் கட்டிலிருந்து இரண்டு சுருளை முறித்து, சின்ன உரலில் போட்டு இடித்து, சல்லடையில் அரித்து, பாதியைத் தன் சட்டியில் போட்டா. மிச்சத்தை ஒன்றும் கேட்காமல் என் மாவில் கொட்டிவிட்டா. நான் பேணியைத் திறக்கவில்லை. தட்டைப் போறணைக்குள் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏழாவது நிமிடம் வெண்ணெய் எழும்பியது. பின்னால் வந்தது மெல்லியதாக இருந்தது, கொஞ்சம் தேசிக்காய்த் தோல் போல, கொஞ்சம் பூப்போல. கறிச்சட்டியின் ஆவிக்குள் புகுந்து எது எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் கலந்தது. பத்து நிமிடம். பதின்மூன்று. மேலிருந்து குரல் வரவில்லை. தட்டை வெளியே எடுத்து ஆறவைத்துவிட்டு மாடிப்படியடியில் போய் நின்றேன். அறைக்கதவு திறந்துதான் இருந்தது. கொஞ்சநேரம் கழித்து மகள் இறங்கி வந்தாள், குசினி வாசலில் நின்றாள், அம்மம்மாவின் சட்டியைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு மூக்கடியில் வைத்தாள்.

"இது என்ன, அம்மா?" என்று கேட்டாள்.

அம்மம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மற்றப் பாதியை அவளிடமிருந்து வாங்கி வாயில் போட்டா.